ஜெயித்தவன் எப்படி ஆடினான்? பூல் ஆட்டத்துக்குக் கணக்கு எழுதும் முறை

பாளையங்கோட்டையில் நான் வழக்கமாகப் போகும் ஆட்டக்கூடம் ஒரு மாடியில் இருக்கிறது. இரண்டு பூல் மேசை, ஒரு ஸ்னூக்கர் மேசை, மூலையில் ஒரு கேரம் பலகை. கூட்டமெல்லாம் கேரம் பலகையைச் சுற்றித்தான். பூல் மேசைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். நான் ஆடுவதைவிட ஓரமாக உட்கார்ந்து நோட்டில் எழுதுவது அதிகம். அங்கே என்னைக் கணக்குப்பிள்ளை என்றுதான் சொல்வார்கள், முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் ஒரு பையன் 7-5 என்று ஒரு போட்டியை ஜெயித்துவிட்டு வந்து என் நோட்டை எட்டிப் பார்த்தான். அவன் பெயருக்கு நேரே .871. தோற்றவன் பெயருக்கு நேரே .880.

"அண்ணாச்சி, ஜெயித்தது நான்தானே? அவனுக்கு எப்படி அதிகம் போட்டீர்கள்?"

"ஜெயித்தது நீதான் தம்பி. ஆனால் உன்னைவிட அவன் கொஞ்சம் சுத்தமாக ஆடியிருக்கிறான்."

அவன் நம்பவில்லை. இரண்டு டீ குடித்து முடிக்கும்வரை அவனுக்கு விளக்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு நோட்டும் பென்சிலும் இருந்தால் போதும், நீங்களும் இந்தக் கணக்கைப் போடலாம். தொழில்முறை ஆட்டக்காரர்களின் போட்டிகளை வீடியோவில் பார்க்கும்போதும் போடலாம். முதலில் அங்கேதான் பழக வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் ஆட்டம்

இந்தக் கணக்குக்கு மிகவும் பொருந்துவது நைன்-பால். 1 முதல் 9 வரை எண் போட்ட ஒன்பது பந்துகள். கோலால் அடிக்கும் வெள்ளைப் பந்து ஒவ்வொரு முறையும் மேசையில் இருக்கிற மிகக் குறைந்த எண் பந்தைத்தான் முதலில் தொட வேண்டும். 9 முறைப்படி குழியில் விழுந்தால் அந்த ஆட்டம் முடிந்தது. போட்டி என்பது பல ஆட்டங்கள் சேர்ந்தது: முதலில் 7 ஆட்டமோ 9 ஆட்டமோ எடுப்பவர் வெற்றி பெறுகிறார். வெள்ளைப் பந்து குழியில் விழுந்தால் ஃபவுல். கேரம் ஆடியவர்களுக்கு இது புதிதல்ல. ஸ்ட்ரைக்கர் உள்ளே போனால் போட்ட காயைத் திரும்ப எடுத்து வைக்கிறோமே, அதுபோலத்தான். ஆனால் தண்டனை இங்கே பெரிது. எதிராளி வெள்ளைப் பந்தைக் கையில் எடுத்து மேசையில் எங்கே வேண்டுமானாலும் வைத்து அடிக்கலாம். நல்ல ஆட்டக்காரர் கையில் அப்படி ஒரு வாய்ப்பு கிடைத்தால் அந்த ஆட்டம் போனது என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஒரு சூத்திரம்

பாட் ஃப்ளெமிங் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் 1980களில் அக்யூ-ஸ்டாட்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். தொழில்முறைப் போட்டிகளைப் படம்பிடித்து, கூடவே ஒவ்வோர் அடியையும் கணக்கெடுத்து, ஆட்டக்காரருக்கு ஓர் எண் கொடுத்தார்கள். மொத்த ஆட்டத்திறன் சராசரி என்று அதைத் தமிழில் சொல்லலாம். ஆங்கில எழுத்துகளில் டி.பி.ஏ.

சூத்திரம் ஒரு வரிதான். குழியில் போட்ட பந்துகளின் எண்ணிக்கையை, அதே எண்ணிக்கையோடு பிழைகளைக் கூட்டி வரும் தொகையால் வகுக்க வேண்டும். 45 பந்து போட்டு 5 பிழை செய்தால் 45-ஐ 50-ஆல் வகுக்கிறோம்: .900. மூன்று தசம இடம் எழுதி, வாயால் சொல்லும்போது 'தொள்ளாயிரம்' என்பார்கள். ஒரு பிழையும் இல்லாவிட்டால் 1.000. அதற்கு மேல் கிடையாது.

.900-க்கு மேல் போனால் அது உலகத் தரமான ஆட்டம் என்று அக்யூ-ஸ்டாட்ஸ் வைத்திருக்கிறது. ஏன் அந்த எண்? யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நோட்டில் கூட்டிக் கழித்தபோது தானாகப் பிடிபட்டது. .900 என்றால் ஒன்பது பந்துக்கு ஒரு பிழை. மேசையில் இருப்பதே ஒன்பது பந்து. ஆக, ஒரு மேசை முழுவதையும் காலி செய்கிற அளவு பந்து போட்டு, அதற்குள் ஒரே ஒரு முறை சறுக்குகிறவர் .900 காரர். .800 என்றால் நான்கு பந்துக்கு ஒரு பிழை. .500 என்றால் ஒரு பந்துக்கு ஒரு பிழை, அதாவது போடுவதும் கோட்டைவிடுவதும் மாறி மாறி. மேலே போகப் போக ஏற்றம் செங்குத்தாகிறது. .950 வேண்டுமானால் பத்தொன்பது பந்துக்கு ஒரு பிழைதான் அனுமதி. .800-க்கும் .900-க்கும் நூறு புள்ளிதானே என்று நினைக்காதீர்கள். இடையில் பிழையைப் பாதிக்கும் கீழே குறைத்தாக வேண்டும்.

என் பெயரில் முதன்முதலாக ஒரு போட்டிக்குக் கணக்குப் போட்டபோது .580 வந்தது. கூட்டலில் தப்பு என்று நினைத்து மூன்று தடவை சரிபார்த்தேன். கூட்டல் சரியாகத்தான் இருந்தது.

நோட்டைத் தயார் செய்யுங்கள்

பக்கத்தை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் மற்றவர். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு வரி. முறைப்படி விழுந்த ஒவ்வொரு பந்துக்கும் ஒரு நேர்க்கோடு. அடுக்கிவைத்த பந்துகளைச் சிதறடித்து ஆட்டம் தொடங்கும் உடைப்பில் விழுகிற பந்துகளையும், அதிர்ஷ்டத்தில் விழுந்ததையும் நான் சேர்த்துக்கொள்கிறேன். குருட்டாம்போக்கில் விழுந்ததைக் கழிக்க ஆரம்பித்தால் சண்டைக்கு முடிவே இருக்காது. ஃபவுலோடு விழுந்த பந்துக்கு மட்டும் கோடு இல்லை.

பிழைகளுக்கு எழுத்து வைத்துக்கொள்ளுங்கள். என்னுடைய எழுத்துகள் இவை: குழி தவறினால் 'த'. வெள்ளைப் பந்து நிற்க வேண்டிய இடத்தில் நிற்காவிட்டால் 'நி'. எதிராளிக்கு நல்ல அடி கிடைக்காதபடி பந்துகளை நிறுத்தும் அடிக்கு சேஃப்டி என்று பெயர்; அதை ஆடியும் அவருக்கு நல்ல அடி கிடைத்துவிட்டால் 'சே'. மறைந்திருக்கும் பந்தை, வெள்ளைப் பந்தைக் குஷனில், அதாவது மேசை விளிம்பின் ரப்பரில், மோதவிட்டு எடுக்கப் போய்த் தவறினால் 'கு'. உடைப்பிலேயே வெள்ளைப் பந்தை உள்ளே விட்டாலோ வேறு ஃபவுல் செய்தாலோ 'உ'. உடைப்பில் ஒன்றுமே விழாவிட்டால் நான் பிழை போடுவதில்லை. ஒழுங்காக அடித்தும் பந்து விழாமல் போவது உண்டு. இதை நினைவில் வையுங்கள், அந்தப் பையனின் வழக்கு இங்கேதான் தீரும்.

ஒரே ஓர் ஆட்டத்தைக் கூடவே எழுதிப் பார்ப்போம். இடப்பக்கத்துக்காரர் உடைக்கிறார். 1, 6 இரண்டும் விழுகின்றன: இரண்டு கோடு. 2 போடுகிறார், 3 போடுகிறார்: மொத்தம் நான்கு கோடு. ஆனால் 3-ஐப் போட்ட வெள்ளைப் பந்து நிற்காமல் ஓடி, 8-க்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது. அடுத்து அடிக்க வேண்டிய 4 கண்ணுக்கே தெரியவில்லை. 3 விழுந்ததால் கூடத்தில் கைதட்டுகிறார்கள். நான் 'நி' எழுதுகிறேன். அவர் குஷனில் மோதவிட்டு எப்படியோ 4-ஐத் தொட்டுவிடுகிறார், ஆனால் 4 குழியின் வாயருகே போய் நிற்கிறது. இதற்கு 'கு' உண்டா? நான் போட மாட்டேன். தப்பு 3-ஐப் போட்டபோதே நடந்துவிட்டது, ஒரே கடனுக்கு இரண்டு வட்டி வாங்கக் கூடாது. வலப்பக்கத்துக்காரர் 4, 5 போடுகிறார்: இரண்டு கோடு. 7-ஐ மூலைக் குழியில் உரசித் தவறவிடுகிறார்: 'த'. முதலாமவர் எழுந்து வந்து 7, 8, 9 மூன்றையும் முடிக்கிறார்.

இடப்பக்கம் 7 கோடு, 1 பிழை: 7-ஐ 8-ஆல் வகுத்தால் .875. வலப்பக்கம் 2 கோடு, 1 பிழை: 2-ஐ 3-ஆல் வகுத்தால் .667. கோடுகளைக் கூட்டினால் 9 வருகிறது, எல்லாப் பந்தும் கணக்கில் வந்துவிட்டது. ஒவ்வொரு வரி முடிந்ததும் இப்படிக் கூட்டிப் பாருங்கள். 9-க்கு மேல் வந்தால் நீங்கள்தான் எங்கோ தூங்கியிருக்கிறீர்கள். 9-க்குக் குறைந்தால் ஃபவுலில் பந்து போயிருக்கும், அல்லது 9 முன்கூட்டியே விழுந்து சில பந்துகள் மேசையில் மிஞ்சியிருக்கும்.

'நி' என்ற எழுத்து

புதிதாக எழுதுகிறவர்கள் 'த'வை ஒருபோதும் விடுவதில்லை. பந்து விழவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். 'நி'யைத்தான் விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் அந்த நொடியில் பந்து விழுந்திருக்கும்.

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். வடம் பிடிப்பவர்களை ஊரே பார்க்கும். சக்கரத்துக்கு அருகே குனிந்து முட்டுக்கட்டை போடுகிறவர்களை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் ரதவீதி முக்கில் தேர் எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு திரும்ப வேண்டும் என்பது அவர்கள் கையில்தான் இருக்கிறது. கட்டை ஒரு சாண் தள்ளி விழுந்தால் தேர் கடைகளைப் பார்த்து நகரும், பிறகு அதைத் திருப்ப அரை மணி நேரம் ஆகும். பூல் ஆட்டத்தில் பந்தைக் குழியில் போடுவது வடம் இழுப்பது. வெள்ளைப் பந்தை நிறுத்துவது கட்டை போடுவது.

அதனால் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அடி விழுந்ததும் குழியைப் பார்க்காதீர்கள், வெள்ளைப் பந்தையே பாருங்கள். அது நின்றதும் ஒரு கேள்வி: அடுத்த பந்தை இங்கிருந்து ஒரு நல்ல ஆட்டக்காரர் நேரடியாகக் குழியில் போட நினைப்பாரா? நினைப்பார் என்றால் கோடு மட்டும். வேறு வழியின்றி சேஃப்டிக்கோ குஷன் அடிக்கோ தள்ளப்படுகிறார் என்றால் கோட்டோடு 'நி'. நடுவில் நிற்பவைதான் தொல்லை: கஷ்டம், ஆனால் போடலாம். அப்போது நான் ஒரு புள்ளி மட்டும் வைத்துவிட்டு அடுத்த அடிக்குக் காத்திருப்பேன். போட்டுவிட்டால் புள்ளியை அழித்துவிடுவேன். தவறினால் புள்ளியை 'நி' ஆக்குவேன், மறுபடி 'த' போட மாட்டேன். இது என் நோட்டின் சட்டம். நீங்கள் வேறு சட்டம் வைக்கலாம், ஆனால் இரண்டு பக்கத்துக்கும் ஒரே சட்டமாக இருக்கட்டும். நண்பனுக்குப் புள்ளியும் மற்றவனுக்கு 'நி'யும் போட்டால் நோட்டைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

ஸ்னூக்கர் ஒளிபரப்பில் திரையின் கீழே பாட் சதவீதம் காட்டுவார்கள். முயன்ற அடிகளில் எத்தனை விழுந்தன என்பது மட்டும்தான் அதில் உண்டு, நிறுத்தத் தெரியாதவரின் குறை அதில் ஒளிந்துகொள்ளும். ஸ்னூக்கர் என்றதும் ஒன்று: 1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லேன் என்ற ராணுவ அதிகாரி அந்த ஆட்டத்தைத் தொடங்கிவைத்தார். விதிகள் எழுதி மாட்டப்பட்டது நம் உதகை கிளப்பில். கூடத்தில் யாராவது வெள்ளைக்காரன் ஆட்டம் என்று மூக்கைச் சுருக்கினால் உதகையை நினைவுபடுத்திவிடுவேன்.

அந்தப் பையனின் வழக்கு

அந்தப் போட்டி 7-5. மொத்தம் 12 ஆட்டம், 108 பந்து. ஜெயித்தவன் 61 பந்து போட்டான், 9 பிழை. 61-ஐ 70-ஆல் வகுத்தால் .871. தோற்றவன் 44 பந்து போட்டான், 6 பிழை. 44-ஐ 50-ஆல் வகுத்தால் .880. மீதி மூன்று பந்து ஃபவுலில் போனவை.

தோற்றவன் எங்கே தோற்றான்? மூன்று ஆட்டங்களில் அவன் உடைத்தபோது ஒரு பந்தும் விழவில்லை. அது பிழை அல்ல, ஆனால் மேசை எதிராளிக்குப் போய்விடும். மூன்று முறையும் நம் பையன் எழுந்து வந்து மேசையைக் காலி செய்துவிட்டான். அதற்காக அவனைக் குறைத்துச் சொல்ல முடியாது, கிடைத்ததை முடிப்பதும் ஆட்டம்தான். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் பிழை செய்யவும் முடியாது, பந்து போடவும் முடியாது. யார் ஜெயித்தார்கள் என்பதை ஸ்கோர் சொல்லும். மேசையில் நின்ற நேரத்தில் யார் எப்படி ஆடினார்கள் என்பதை இந்த எண் சொல்லும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால்தான் அவனுக்குக் கோபம் வந்தது.

1996இல் ஹாங்காங்கில் பிலிப்பைன்ஸின் எஃப்ரன் ரேயஸும் அமெரிக்காவின் ஏர்ல் ஸ்டிரிக்லண்டும் மோதிய போட்டியைப் பாருங்கள். முதலில் 120 ஆட்டம் எடுப்பவருக்கு வெற்றி என்று வைத்து மூன்று நாள் ஆடினார்கள். ரேயஸ் 120-117 என்று ஜெயித்தார். 237 ஆட்டத்தில் அவர் எடுத்தது நூற்றுக்கு 50.6. அந்த மூன்று ஆட்ட வித்தியாசத்தை மட்டும் வைத்து ஸ்டிரிக்லண்ட் எப்படி ஆடினார் என்று யாராவது சொல்ல முடியுமா?

கூட்டும்போது செய்யும் தவறு

பல போட்டிகளின் எண்ணைச் சேர்க்கும்போது நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஒரு போட்டியில் 18 பந்து, 2 பிழை: .900. இன்னொன்றில் 40 பந்து, 20 பிழை: .667. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் .783 வரும், பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் தவறு. பந்துகளைத் தனியே கூட்டுங்கள்: 58. பிழைகளைத் தனியே கூட்டுங்கள்: 22. 58-ஐ 80-ஆல் வகுத்தால் .725. அதுதான் சரி. சிறிய போட்டிக்கும் பெரிய போட்டிக்கும் ஒரே எடை கொடுத்தால் தராசு பொய் சொல்லும்.

ஒரே போட்டியை வைத்து ஒருவரை எடை போடவும் வேண்டாம். மேசையில் அதிகம் நிற்க வாய்ப்பே கிடைக்காமல் 10 பந்து போட்டு 2 பிழை செய்தவருக்கு .833 வரும். ஒரு பிழையைக் குறைத்துப் போட்டால் .909 ஆகிவிடும். ஒரே பிழை ஒருவரை உலகத் தரத்துக்கு மேலேயும் கீழேயும் தள்ளுகிறது என்றால் பந்து எண்ணிக்கை போதவில்லை என்று பொருள்.

இந்த எண் சொல்லாதவையும் உண்டு. குழிவாயில் நிற்கும் பந்தும், மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெல்லிய கோணத்தில் அறுத்துப் போட்ட பந்தும் ஒரே கோடுதான். எதிராளி யார் என்பதும் இதில் வராது. அதற்கு வேறொரு முறை இருக்கிறது, ஃபார்கோரேட் என்று பெயர். அமெரிக்காவில் வடக்கு டகோட்டா மாநிலத்து ஃபார்கோ நகரத்தின் பெயர் அது. அடிகளை அது பார்ப்பதே இல்லை. யார் யாரிடம் எத்தனை ஆட்டம் ஜெயித்தார், எதிராளியின் தரம் என்ன என்பதை மட்டும் வைத்து எண் போடுகிறது. இருவருக்கு நடுவே 100 புள்ளி வித்தியாசம் இருந்தால் மேலே இருப்பவர் இரண்டு ஆட்டம் எடுக்கும்போது கீழே இருப்பவர் ஒன்று எடுப்பார். 200 புள்ளி என்றால் நான்குக்கு ஒன்று. உலகின் முன்னணி ஆட்டக்காரர்கள் 800-க்கு மேல் இருக்கிறார்கள். ஆண்டு முழுவதும் ஒருவர் எவ்வளவு வலுவானவர் என்று கேட்டால் ஃபார்கோரேட்டைப் பாருங்கள். நேற்று ராத்திரி அவர் எங்கே சறுக்கினார் என்று கேட்டால் அங்கே விடை கிடைக்காது, நோட்டுக்கு வர வேண்டும்.

எப்படிப் பழகுவது

முதல் இரண்டு போட்டிகளுக்குக் கோடு மட்டும் போடுங்கள், பிழையே எழுத வேண்டாம். கண்ணும் கையும் ஒத்துப்போக அவ்வளவு நேரம் வேண்டும். மூன்றாவதில் 'த'வும் 'உ'வும் சேருங்கள், இரண்டிலும் சந்தேகத்துக்கு இடமில்லை. 'நி', 'சே', 'கு' மூன்றையும் வீடியோவில் நிறுத்தி நிறுத்திப் பழகுங்கள். கூடத்தில் நேராக எழுதுவது அதற்குப் பிறகு. எழுதும்போது மேசையின் நீளவாக்கில் ஒரு முனையில், கொஞ்சம் உயரமான இடத்தில் உட்காருங்கள். பக்கவாட்டில் உட்கார்ந்தால் எந்தப் பந்து எதை மறைக்கிறது என்று தெரியாது. பொழுதுபோகாதவர் ஒருவர் உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று "அது தப்பே இல்லை" என்று சொல்லிக்கொண்டிருப்பார். எந்தக் கூடத்திலும் அப்படி ஒருவர் உண்டு. அவர் கையில் பென்சிலைக் கொடுத்துவிட்டால் ஐந்து நிமிடத்தில் கேரம் பலகைப் பக்கம் போய்விடுவார்.

பத்துப் போட்டி எழுதியதும் எண்ணை விட்டுவிட்டு எழுத்துகளை எண்ணுங்கள். ஒருவர் பக்கத்தில் 'த' நிரம்பியிருந்தால் அவர் குறி பார்க்கப் பழக வேண்டும். 'நி' நிரம்பியிருந்தால் குறி சரியாகத்தான் இருக்கிறது, வேகம்தான் கையில் இல்லை. எங்கள் கூடத்தில் ஜெயித்தவனின் 9 பிழையில் 6 'நி'. அன்றிலிருந்து அவன் தனியாக வந்து, ஒரே ஒரு பந்தை வைத்து, அதைப் போட்டுவிட்டு வெள்ளைப் பந்தை ஒரு நோட்டுத் தாளின் மேல் நிறுத்தப் பழகிக்கொண்டிருக்கிறான். தாளை ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் வைக்கிறான். முதல் வாரம் தாளின் பக்கம்கூட வெள்ளைப் பந்து போகவில்லை.

ஓரத்தில் தேதி, மேசை எண், வானிலை மூன்றையும் குறித்து வையுங்கள். வானிலை எதற்கு என்று சிரிக்க வேண்டாம். குற்றாலத்தில் சாரல் பிடிக்கும் ஆனி, ஆடியில் பாளையங்கோட்டைக்கு வருவது பெரும்பாலும் காற்றுதான், மேசைத் துணி உலர்ந்து பந்து வழுக்கிக்கொண்டு ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை இறங்கினால் துணி ஈரம் இழுத்துக் கனத்துவிடும், அதே வேகத்தில் அடித்த பந்து ஒரு முழம் முன்னாலேயே நின்றுவிடும். போன கார்த்திகையில் நான்கு பேர் பக்கத்திலும் ஒரே வாரத்தில் 'நி' கூடியது. ஓரக் குறிப்பைப் பார்த்த பிறகுதான் அந்த வாரம் முழுக்க மழை என்பது நினைவுக்கு வந்தது. கூடத்துக்காரரிடம் சொல்லி இரவில் மேசையைத் தார்ப்பாய் போட்டு மூடச் சொன்னேன்.